பால்ய நண்பர்கள் பதின்வயதில் மீண்டும் சந்திக்கும் காதல் கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

சிறுவயதில் பிரிந்த இருவர் பதினாறு, பதினேழு வயதில் எதிரெதிரே வந்து நிற்கும் இளையோர் நாவல்களைத் தேடித் தேடி வாசிக்கிறேன். பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. அவன் வளர்ந்திருப்பான், அவள் கண்ணாடியைக் கழற்றியிருப்பாள், இரண்டாம் அத்தியாயத்திலேயே படபடப்பு தொடங்கிவிடும். விதிவிலக்காக எனக்குக் கிடைத்தது ராபின் பென்வேயின் ‘எம்மி அண்ட் ஆலிவர்’ (2015). பெற்ற தந்தையாலேயே கடத்தப்பட்ட ஆலிவர் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறான். போன அதே சிறுவனைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவன் தொலைந்ததில் பக்கத்து வீட்டு எம்மியின் வாழ்க்கையும் மாறிவிட்டது: பயந்துபோன பெற்றோர் அவளைப் பொத்திப் பொத்தி வளர்க்க, அவள் அவர்களுக்குத் தெரியாமல் கடலில் அலைச்சறுக்கு பழகுகிறாள். காதலைவிட இந்தப் பகுதிதான் என்னைப் பிடித்து வைத்தது. உங்களுக்கு எப்படி? நிஜத்தில் அப்படிச் சந்தித்தவர்களும் சொல்லுங்கள்.

•

நிஜத்தில் சந்தித்தவள் நான். காதல் எதுவும் வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய வகுப்பில், அத்தனை பேர் முன்னிலையில், அவன் என்னை என் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கதைகளில் அந்த இடத்தில் நாயகிக்குக் கண் கலங்கும். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பெயரை உதறிவிட்டு வேறொருத்தியாக மாறியிருந்தேன். அவனோ சாட்சி சொல்ல வந்தவனைப் போல நின்றான். பிறகு பேசியபோது இன்னொரு வேடிக்கை. நாங்கள் சேர்ந்து மாட்டிக்கொண்ட ஒரு குறும்பில் காட்டிக்கொடுத்தது நான் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன்தான் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். இரண்டு பேருக்கும் இரண்டு பால்யம் இருக்கிறது என்பதை எழுதும் நாவல் இருந்தால் சொல்லுங்கள், உடனே வாசிக்கிறேன்.

•

இந்தக் கதைகளில் பிரிவு ஏன் கட்டாயமாக வருகிறது என்று யோசித்ததுண்டா? சிறுவயதில் ஒன்றாகவே வளர்ந்தவர்களிடையே பொதுவாக ஈர்ப்பு எழுவதில்லை என்று மானுடவியலாளர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இலேயே எழுதினார். இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளில் ஒரே குழுவில் வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள் மணப்பது மிக அரிது என்று ஜோசப் ஷெஃபரின் ஆய்வு 1971இல் காட்டியது. இதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் கதாசிரியர்கள் ஆய்வைப் படிக்காமலேயே அதைப் பிடித்துவிட்டார்கள். ஒருவரை ஊரைவிட்டு அனுப்பி, அந்நியராக்கித் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

•

மேலே எழுதியவருக்கு: குறுந்தொகை 229ஆம் பாடலைப் பாருங்கள். மோதாசனார் பாடியது. சின்ன வயதில் இவள் தலைமயிரை அவன் பிடித்திழுக்க, அவன் தலைமயிரை இவள் பிடித்திழுக்க, வளர்ப்புத் தாயரான செவிலியர் விலக்கியும் விடாமல் சண்டை போட்டவர்கள், இன்று காதலராகச் சேர்ந்து போகிறார்கள். வழியில் கண்டவர்கள் விதியை வியக்கிறார்கள். இடையில் பிரிந்தார்கள் என்று பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. சண்டையே போதுமானதாக இருந்திருக்கிறது!

•

நான் மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வாசகன். இயோ சகிசகாவின் ‘ஆவோ ஹரு ரைட்’ தொடரில் நடுநிலைப் பள்ளியில் காணாமல்போன கோ என்ற பையன், உயர்நிலைப் பள்ளியில் வேறு குடும்பப் பெயரோடு, வேறு சுபாவத்தோடு வருகிறான். நாயகி ஃபுதபாவும் பழையவள் இல்லை. மற்றப் பெண்களின் பொறாமைக்குப் பயந்து வேண்டுமென்றே முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறாள். இரண்டு பக்கமும் மாறியிருப்பதுதான் அதன் பலம். குறை என்றால், இடையில் நுழையும் மூன்றாவது ஆள். இரண்டு பேர் ஒருவரையொருவர் புதிதாகத் தெரிந்துகொள்வதே போதுமான சிக்கல். அதற்குமேல் ஒரு போட்டியாளர் எதற்கு?

•

போட்டியாளர் இல்லாவிட்டால் தொடர் பத்து அத்தியாயத்தில் முடிந்துவிடும், நண்பரே. நான் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.