செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வெள்ளையெல்லாம் பகையில்லை

கோவை, பால்கனித் தோட்டம்

எங்கள் அடுக்குச் செம்பருத்தியின் கொழுந்துகள் சுருண்டு நின்றபோது உரக்குறைவு என்றே எண்ணினேன். தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்ட பிறகுதான் இலைக்காம்பின் இடுக்கை விலக்கிப் பார்த்தேன். பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் மாவுப்பூச்சிகள் அப்பியிருந்தன. அவை சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக வரும் எறும்புகள், அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளை அண்டவிடாமல் விரட்டியும் விடுகின்றன. எனவே மோசமான கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன்; தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே செங்கல் மேல் தூக்கி வைத்து எறும்பின் வழியை அடைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தேன்.

அடுத்துச் செய்தது என் அவசரப் புத்தி. வெள்ளை இழைகளோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஊர்ந்த ஏழெட்டு உருவங்களை, முற்றிய மாவுப்பூச்சிகள் என நினைத்துப் பல்துலக்கியால் தேய்த்துக் கொன்றேன். எஞ்சிய ஒன்று மாவுப்பூச்சியின் முட்டைப்பையைக் குடைந்து தின்பதைப் பார்த்தபோதுதான் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு என்பது விளங்கியது. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சிகளை விரும்பித் தின்னும் வண்டு அது. மாவுப்பூச்சி இடம்விட்டு நகர்வதே அரிது. இப்புழுவோ பெரியது, சுறுசுறுப்பாக ஊர்வது. அன்றே தெளிப்பை நிறுத்திவிட்டேன்.

மதுரை, மொட்டை மாடி

கோவைத் தோட்டக்காரர் செம்பருத்தியில் ஏமாந்ததுபோல், நான் ஆளை மாற்றிப் பிடித்தது ரோஜாவில். சித்திரை வெயிலில் இலைகள் ஊசியால் குத்தியதுபோல் வெளிறியதும், இலைப்பேன் எனக் கருதிக் கடையில் கொடுத்த பூச்சிமருந்தை இருமுறை அடித்தேன். பாதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு ஓர் இலையை வெள்ளைத்தாளின் மேல் தட்டினேன். விழுந்த செம்புள்ளிகள் நடக்கத் தொடங்கின. அவை செஞ்சிலந்திகள்; பூச்சிகளாக இல்லாமல், சிலந்திக்கு உறவான எட்டுக் கால் சிற்றுயிர்களாதலால் பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அவை அசைவதில்லை, அவற்றைத் தின்னும் உயிர்கள்தாம் மடிகின்றன. மருந்தை ஒதுக்கிவிட்டு, காலைதோறும் இலைகளின் அடிப்புறத்தில் குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சினேன். மூன்றாம் வாரம் தட்டிய தாளில் தூசி மட்டுமே விழுந்தது.