'நீ' என்ற ஒரு சொல்லும் நமக்கு வேண்டிய இரண்டு கலைச்சொற்களும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேட்க ஒன்றுபோல இருந்தும் பிறப்பால் உறவில்லாத வேற்றுமொழிச் சொற்களை ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ் காக்னேட்' என்பார்கள். நம் கலைச்சொல் தொகுப்பில் அதற்குப் 'போலி இனச்சொல்' என்றே வைத்துக்கொண்டு இந்த இழையை முடித்துவிடலாம் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். முடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். 'போலி' நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். அறம் அறன் ஆகும், மஞ்சு மைஞ்சு ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. கடைப்போலி, முதற்போலி என்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். அங்கே சொல் ஒன்று, வடிவம் இரண்டு. நாம் பெயர் தேடுவதோ வடிவம் ஒன்றாகத் தோன்றி, சொல் வேறாக இருப்பதற்கு. நேர் எதிரானதற்கு அதே பெயரை வைத்தால் பாடம் நடத்தும் ஆசிரியர்தான் திண்டாடுவார்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல ஒரு சின்னச் சொல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அக்கா மகள் கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கைப்பேசியை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு, "மாமா, இதைக் கேளுங்க. இந்தப் பொண்ணு அவனைப் பார்த்து 'நீ'ங்குறா. நம்ம 'நீ' தானே இது?" என்றாள். கேட்டேன். 'நிகா' என்று விழுந்தது. முன்னிலைதான், பொருளும் 'நீ'தான். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொரிய மொழியில் முன்னிலை ஒருமையின் அகராதி வடிவம் 'நொ' என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். எழுவாய் உருபு சேர்ந்தால் 'நெகா'. 'நான்' என்பதற்கும் ஏறத்தாழ இதே போன்ற வடிவம்தான். எழுத்தில் உயிர் மட்டும் வேறு. அந்த இரண்டு உயிர்களும் இன்றைய பேச்சில் ஒன்றாகிவிட்டன. 'நான்' என்றாலும் 'நீ' என்றாலும் காதில் ஒன்றாக விழுந்தால் பேச்சு எப்படி நடக்கும்? அதனால் முன்னிலையை 'நிகா' என்று சொல்லிப் பிரித்துக்கொள்கிறார்கள். நம் காதில் விழும் அந்த 'நி' இப்படிப் பரவியது. நம் 'நீ'யிடமிருந்து போனதன்று.

நம் 'நீ'க்கு உறவு இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. கன்னடத்தில் நீனு, தெலுங்கில் நீவு, ஜார்க்கண்டில் பேசும் குடுக்கு மொழியில் நீன், ராஜ்மகால் மலையின் மால்தோவில் நீன், பலூசிஸ்தானத்துப் பிராகூயியில் நீ. நமக்கும் 'நின்' என்ற வேற்றுமை வடிவம் சங்கப் பாட்டு முழுக்கக் கிடக்கிறது. இவை இனச்சொற்கள், அதாவது ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இந்த மொழிகளுக்குள் ஒலிமாற்றம் ஒரு ஒழுங்கோடு நடக்கிறது. நம் பகரம் கன்னடத்தில் ஹகரம்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒன்று மாறினால் கூடவே வரிசையாக மாறும். நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. கேட்க அவ்வளவு ஒற்றுமை இல்லை, ஆனால் உடன்பிறப்பு. ஒலி ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி, காதுக்கு இனிமையாக இருப்பது சாட்சி ஆகாது.

இனி சீனத்துக்கு வருவோம். இணையத்தில் அதிகம் சுற்றுவது இதுதான்: "சீனர்களும் 'நி' என்கிறார்கள், பாருங்கள்!" உண்மைதான், மாண்டரினில் 'நி' என்றால் நீ. பழஞ்சீனத்தில் நகரம் போன்ற ஒலியில் தொடங்கிய ஒரு முன்னிலைச் சொல் இருந்தது. அதை ஏட்டில் படித்த முறையில் நகரம் தேய்ந்து இன்று 'அர்' என்று ஆகிவிட்டது. பேச்சில் மட்டும் நகரம் தங்கி 'நி' ஆயிற்று. இரண்டு என்ற எண்ணுப்பெயரும் அதே வழியில் போனதுதான், அதுவும் இன்று மாண்டரினில் 'அர்'. ஆனால் அந்த நகரம் தேய்வதற்கு முன்பே ஜப்பானியர் எண்ணைக் கடன் வாங்கிவிட்டார்கள். அதனால்தான் ஜப்பானியக் குழந்தை 'இச்சி, நி, சன்' என்று எண்ணுகிறது. சீனத்து 'நி' நீ, ஜப்பானியத்து 'நி' இரண்டு. ஒரே பழைய ஒலியின் மிச்சம் இரு சொற்களில். இந்தக் கதையில் எந்தக் கண்ணியிலும் தமிழ் வரவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது ஸ்வீடிஷ். அங்கே 'நி' என்றால் 'நீங்கள்'. முன்பு அந்தச் சொல்லில் நகரமே கிடையாது, வெறும் 'ஈ'. ஆங்கிலத்தின் பழைய 'யீ'க்கு உறவு. முன்னிலைப் பன்மையில் அவர்கள் வினை அன்று 'அன்' போல ஒரு ஒலியில் முடிந்தது. 'அறிவீர்கள்' என்பது 'வேத்தன்'. கேள்வி கேட்கும்போது எழுவாய் வினைக்குப் பின்னால் வரும்: 'வேத்தன் ஈ'. இதைச் சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'வேத்த நி'. கேட்டவர்கள் எல்லையை ஓர் எழுத்து தள்ளிப் போட்டுவிட்டார்கள். வினையின் வால் பெயரின் தலை ஆயிற்று. நமக்கு இது புதிதன்று: 'செம்பொன்பதின்தொடி' என்பதைச் செம்பொன் பதின்தொடி என்றும் பிரிக்கலாம், செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டிய இடம்தான் இது. நாம் இரண்டு பிரிப்பையும் வைத்துக்கொண்டோம். ஸ்வீடிஷ்காரர்கள் புதிய பிரிப்பையே சொல்லாக்கிக்கொண்டார்கள்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க நவாஹோவிலும் 'நி' நீதான். வெல்ஷில் அது 'நாம்'. எஸ்பெராண்டோவிலும் 'நாம்', ஆனால் அது ஒரு மனிதர் உட்கார்ந்து அமைத்து 1887இல் வெளியிட்ட மொழி. சுவாஹிலியில் 'ஆகும், இருக்கிறது' என்ற பொருள். பிரெஞ்சில் 'அதுவும் இல்லை, இதுவும் இல்லை' என்பதன் இணைப்புச்சொல். ஐரிஷில் எதிர்மறை, அங்கே பெண்களின் குடும்பப்பெயருக்கு முன் நிற்கும் 'நீ' இன்னொன்று, 'மகள்' என்ற சொல் அடுத்த சொல்லோடு சேர்ந்து தேய்ந்தது. ஒரு மெய், ஓர் உயிர், அவ்வளவுதான் சொல்லின் உடம்பு. நகரமும் இகரமும் இல்லாத மொழி மிக அரிது. ஆயிரக்கணக்கான மொழிகளில் இந்த இரண்டும் சேராமல் இருந்தால்தான் வியப்பு.

சற்று நீண்ட சொல்லிலும் இது நடக்கும். ஆஸ்திரேலியாவின் உம்பபரம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்பதற்கு மிக நெருங்கிய சொல். ஆங்கிலக் கடன் என்றுதான் மொழியியலாளர் டிக்சனும் முதலில் நினைத்தார். அக்கம்பக்கத்து மொழியில் 'குதக'. அதன் முன்பகுதி உதிர்ந்து உதிர்ந்து அங்கே வந்து நின்றிருக்கிறது.

இப்போது சென்னை அம்மா கேட்ட கேள்வி: "அப்படியென்றால் மலையாள 'வெள்ளம்' எதில் சேரும்?" இங்கேதான் நம் இழை சிக்கிக்கொண்டது. மலையாளத்தில் வெள்ளம் குடிதண்ணீர், நமக்கு ஊரை அடித்துப் போவது. பொருள் வேறு, ஆனால் பிறப்பு ஒன்றே. இனச்சொல்லாகவே இருக்கிறது, ஆனாலும் ஏமாற்றுகிறது. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சித்தூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் 'மீரு ராவலசின அவசரம் லேது' என்றார். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு நான்கு நாள் கழித்துப் போய் நின்றேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார், பாவம். வடமொழி 'அவசர' ஒன்றே, இரண்டு வீட்டில் இரண்டு பொருளாக வளர்ந்துவிட்டது. இந்த வகைக்குத்தான் 1928இல் கெஸ்லரும் தெரோக்கின்யியும் பிரெஞ்சில் 'பொய் நண்பர்கள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: பிறப்பு ஒன்றா? பொருள் ஒன்றா? 'போலி இனச்சொல்' இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. சீன 'நி'யில் பொருள் ஒன்று, பிறப்பு வேறு. வெள்ளத்தில் பிறப்பு ஒன்று, பொருள் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதே என் வாதம்.

இரண்டாம் வகைக்குப் 'பிறழ்பொருட்சொல்' என்ற மதுரை நண்பரின் முன்மொழிவை முழுமனத்தோடு ஏற்கிறேன். 'மயங்கொலிச்சொல்' வேண்டாம், அது பள்ளி நூல்களில் லகர ளகர ழகரப் பாடத்துக்குப் போய்விட்டது.

முதல் வகைக்கு நான் 'ஏதிலொப்பு' என்று எழுதியிருந்தேன். "ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்" என்ற குறளில் உறவில்லாதவரும் உறவினரும் எதிரெதிரே நிற்பார்கள். அந்த எதிர்நிலைதான் இனச்சொல்லுக்கும் இதற்கும். சொல் குறுகியது, பழையது, எனக்கு அதன்மேல் ஆசையும் இருந்தது. யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய மறுமொழியைப் படித்தபின் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "தம்பி, ஏதிலி என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முகாம்தான் ஞாபகம் வரும்" என்றார். ஏதிலி என்றால் இன்று அகதி. வாழ்கிற மனிதர்களைச் சுட்டும் சொல்லை எடுத்து, பொய்யான ஒற்றுமைக்குப் பெயராக ஒட்டுவது சரியில்லை. அக்கா சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லை.

பதிலாக 'உறவிலொப்பு' என்று வைக்கிறேன். உறவு, இல், ஒப்பு. பிரித்துச் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரியும். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'தமிழ் நீயும் மாண்டரின் நியும் உறவிலொப்பு', 'உறவிலொப்புச் சொற்களை நீக்கிவிட்டுத்தான் மொழிக்குடும்பம் பேச வேண்டும்'. இடறவில்லை. அக்கா மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். "அப்போ கொரியாக்காரங்க 'அப்பா'ங்குறதும் உறவிலொப்பா?" என்று உடனே கேட்டாள். ஆமாம், உதடு சேரும் எளிய ஒலியில் குழந்தைகள் உளறுவதைப் பெற்றோர் தமக்கு வைத்துக்கொள்வது பல மொழிகளில் நடப்பது என்றேன். விளக்கம் கேட்காமல் சொல்லைப் பயன்படுத்திவிட்டாள், எனக்கு அது போதும்.

தொகுப்புக் கோப்பில் இரண்டு பதிவுகளையும் மாற்றி வைத்திருக்கிறேன். உறவிலொப்புக்கு எடுத்துக்காட்டு 'நீ', பிறழ்பொருட்சொல்லுக்கு 'வெள்ளம்', 'அவசரம்'. மலையாளமும் தெலுங்கும் வீட்டில் பேசும் நண்பர்கள் ஞாயிறுக்குள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். 'வெள்ளம்' பதிவில் வேற்றுமை வடிவம் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை, பாலக்காட்டு ஐயா கண்ணில் பட்டால் நல்லது.

அன்புடன்.