பிங் பதில் தருகிறது, ஆனால் லினக்ஸிலிருந்து வலையமைப்பு அச்சுப்பொறிக்கு எதுவும் போகவில்லை

கேள்வி

வணக்கம். உபுண்டு நிறுவிய மேசைக்கணினியிலிருந்து, வைஃபையில் இணைந்த லேசர் அச்சுப்பொறியில் ஓராண்டாகத் தடையின்றி அச்சிட்டு வந்தேன். நான்கு நாட்களுக்கு முன் ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கினேன். அன்று முதல் அனுப்பும் கோப்புகள் எல்லாம் அச்சு வரிசையிலேயே தங்கிவிடுகின்றன. வரிசையைத் திறந்து பார்த்தால், முதல் பணிக்கு எதிரே அச்சுப்பொறி வேலையாக இருப்பதாக ஒரு செய்தி நிற்கிறது. அச்சுப்பொறியோ பச்சை விளக்கு எரிய, தயார் என்று காட்டியபடி சும்மா இருக்கிறது. கைபேசியிலிருந்து அனுப்பினால் உடனே அச்சாகிறது.

அச்சுப்பொறியைச் சேர்த்தபோது குறித்து வைத்த 192.168.1.7 என்ற முகவரிக்குப் பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தேன்; ஒன்றுகூட விடுபடாமல் பதில் வந்தது. எனவே வலையமைப்பில் கோளாறு இல்லை என்று முடிவு செய்து, லினக்ஸில் அச்சிடுவதைக் கவனிக்கும் கப்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்தேன், அச்சுப்பொறிக்கான மென்பொருளான டிரைவரையும் நீக்கி மீண்டும் நிறுவினேன். பலன் இல்லை. நாளை மறுநாள் ஒரு நீண்ட அறிக்கையை அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து எதைச் சோதிக்கலாம்?

மறுமொழி 1

டிரைவரை இப்போதைக்குத் தொடாதீர்கள். டிரைவர் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் தாளில் புரியாத குறியீடுகள் அச்சாகும், அல்லது கோப்பை அச்சுப்பொறிக்கு ஏற்ப மாற்றும் வடிகட்டி தோல்வியுற்றது என்ற பிழை வரும். உங்கள் பணி அச்சுப்பொறியின் வாசலையே எட்டவில்லை என்று தோன்றுகிறது.

பிங்குக்குப் பதில் வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி இயங்குகிறது என்பது மட்டும்தான் உறுதி. அது அச்சுப்பொறிதான் என்பதற்கு அது சான்றாகாது. உங்கள் செய்தியையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். பல அச்சுப்பொறிகள் 9100 என்ற போர்ட்டில் (இணைப்புக்கான எண்ணிட்ட வாயிலில்) ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் ஏற்கும் என்பதால், இணைப்பு மறுக்கப்பட்டால் கப்ஸ் அதை வேறொருவர் அச்சிட்டுக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டு, பணியைக் கைவிடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த முகவரியில் அச்சுப்பொறியே இல்லாமல் வேறொரு கருவி இருந்து இணைப்பை மறுத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே செய்திதான்.

முனையத்தில் எல்பிஸ்டாட் கட்டளையை வி என்ற விருப்பத்துடன் கொடுத்து, வரிசை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். பிறகு அச்சுப்பொறியின் பட்டியிலிருந்து வலையமைப்பு நிலைத் தாளை அச்சிட்டு, அதில் உள்ள ஐபி முகவரியையும், கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியையும் ஒப்பிடுங்கள். பிங் செய்த கையோடு, அண்டைக் கருவிகளைப் பட்டியலிடும் ஐபி நெய் என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்த முகவரியில் உண்மையில் பதில் சொல்லும் கருவியின் மேக் முகவரி தெரியும்.

கேட்டவர்

உங்கள் ஊகம் சரியாக இருக்கிறது. வரிசையில் சாக்கெட் முறையில் (போர்ட்டோடு நேரடியாக இணையும் முறை) 192.168.1.7 என்றும் போர்ட் 9100 என்றும் பதிவாகியிருக்கிறது. நிலைத் தாளிலோ 192.168.1.12 என்று இருக்கிறது. மேக் முகவரிகளும் பொருந்தவில்லை. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, பழைய முகவரி இப்போது என் கைபேசியிடம் இருப்பது தெரிந்தது. நான்கு நாட்களாகக் கைபேசிக்குப் பிங் செய்துவிட்டு அச்சுப்பொறி நலமாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறேன். ஆனால் கைபேசி மட்டும் எப்படி அச்சுப்பொறியைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது?

மறுமொழி 2

கைபேசி எம்டிஎன்எஸ் (உள்வலையில் கருவிகளைப் பெயரால் கண்டறியும் முறை) வழியாக ஒவ்வொரு முறையும் அச்சுப்பொறியைப் பெயர் சொல்லித் தேடுவதால், முகவரி மாறியது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கணினியின் வரிசையோ சேர்த்த நாளில் எழுதிவைத்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டர் மீண்டும் தொடங்கியபோது, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டதில் அச்சுப்பொறி, கைபேசி இரண்டின் முகவரிகளும் மாறியிருக்கின்றன.

முதலில் வரிசையில் தேங்கியவற்றை நீக்குங்கள். இல்லாவிட்டால் இணைப்புச் சரியான நொடியில் நான்கு நாள் கோப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகிவிடும். அச்சுப்பொறியை நீக்கி மறுபடி சேர்க்கத் தேவையில்லை. எல்பிஅட்மின் கட்டளையில் பி விருப்பத்துக்கு வரிசையின் பெயரையும் வி விருப்பத்துக்குப் புதிய இணைப்பு முகவரியையும் கொடுத்தால், டிரைவரும் தாள் அமைப்புகளும் அப்படியே இருக்கும். பிறகு ரவுட்டரில் அச்சுப்பொறியின் மேக் முகவரிக்கு 192.168.1.12 என்பதை ஒதுக்கீடு செய்துவிடுங்கள்.

மறுமொழி 3

ரவுட்டரில் ஒதுக்குவதை நானும் ஆதரிக்கிறேன். அதற்குப் பதிலாக அச்சுப்பொறியிலேயே நிலையான முகவரியைத் தட்டச்சு செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த எண் டிஎச்சிபி வழங்கும் எல்லைக்குள் இருந்தால், ரவுட்டர் அதையே இன்னொரு கருவிக்கும் கொடுத்து, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறை உண்டாக்கிவிடும். அத்தகைய கோளாறைக் கண்டுபிடிப்பது இதைவிடப் பல மடங்கு கடினம்.

அச்சுப்பொறி தனி டிரைவர் இன்றி அச்சிட உதவும் ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் முறையை ஏற்குமானால், டிரைவர் இல்லாத புதிய வரிசை ஒன்றைப் பெயரின் அடிப்படையில் உருவாக்கிக்கொள்ளலாம். அப்போது கணினியும் கைபேசியைப் போலவே தேடிக் கண்டுபிடிக்கும். அதற்கு லினக்ஸில் எம்டிஎன்எஸ் தேடலைச் செய்யும் அவாஹி சேவை இயங்க வேண்டும், ஃபயர்வாலில் அந்தத் தேடல் பயன்படுத்தும் யூடிபி 5353 என்ற போர்ட் அடைபட்டிருக்கக் கூடாது. அவசர வேலை முடிந்த பிறகு பொறுமையாகச் செய்து பாருங்கள்.

கேட்டவர்

அச்சாகிறது. இணைப்பு முகவரியை மாற்றியதும் சோதனைப் பக்கம் சில நொடிகளில் வந்தது. ஒதுக்கீட்டில் மட்டும் ஒருமுறை தவறினேன்: நிலைத் தாளில் கம்பி இணைப்புக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு இன்னொன்றும் அடுத்தடுத்து இருந்தன, நான் மேலே இருந்த கம்பி இணைப்பின் முகவரியை ரவுட்டரில் எழுதிவிட்டேன். ரவுட்டரின் பட்டியலில் அச்சுப்பொறி ஒதுக்கீடு இல்லாத கருவியாகவே காட்டப்பட்டதால் பிழையைக் கண்டுகொண்டு, வைஃபையின் முகவரியை எழுதினேன். ரவுட்டரையும் அச்சுப்பொறியையும் இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் அச்சுப்பொறி 192.168.1.12 என்ற முகவரியோடுதான் திரும்பியது. அறிக்கை இப்போது அச்சாகிக்கொண்டிருக்கிறது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.