நரம்பணுக்களின் கணினி மாதிரிகளும் கூட்டு ஆய்வும்: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்வு (அனுபவப் பகிர்வு; எழுதியவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

தல்லாகுளம்

நான் இஇஜி, அதாவது தலையில் மின்முனைகளை வைத்து மூளை அலைகளைப் பதியும் சோதனை, எடுக்கும் தொழில்நுட்பர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் வலிப்பு நோயாளிகளுக்கு நாங்கள் எடுத்த பதிவுகளை, மூளை அலைகளுக்குக் கணித மாதிரி கட்டும் ஓர் அமெரிக்கக் குழுவுக்கு எங்கள் மருத்துவர் அனுப்பியிருந்தார். காணொளிக் கூட்டத்தில் அவர்கள் காட்டிய வரைபடத்தில், 50 ஹெர்ட்சில், ஊசியை நட்டு வைத்தாற்போல் ஓர் உச்சி நின்றது. அவர்கள் நாட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்களுடைய நிரல் 60-ஐ மட்டும் வடிகட்டிவிட்டு, நம் ஊர்க் குழல்விளக்கும் மின்விசிறியும் கலந்துவிட்ட இரைச்சலை, மூளையின் வேகமான அலையான காமா அலை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஒரே ஒரு அம்மாவின் பதிவில் அந்த உச்சி இல்லை. அவருடைய மூளையில், மற்ற நரம்பணுக்களை அடக்கும் தடுப்பு நரம்பணுக்களின் இணைப்பு வேறு விதமாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்கென்றே மாதிரியில் ஒரு மாறியைச் சேர்த்திருந்தார்கள். அவருக்குப் பதிவு எடுத்த 20 நிமிடமும் மின்சாரம் இல்லை; மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. புழுக்கம் தாங்காமல் அவர் மகள் பனையோலை விசிறியை எடுக்க, அசைவு பதிவில் விழுந்துவிடும் என்று நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இத்தனையும் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் இருந்தேன். முன்வரிசையில் மூன்று மருத்துவர்கள் தலையசைத்துக் கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

திருப்பரங்குன்றம்

என்னுடையது இதற்கு நேர்மாறானது. தெரியாமல் நின்றவள் நான். எலியின் மூளைத் திசுவை 34 டிகிரி செல்சியசில் வைத்து எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஐரோப்பியக் குழு ஒன்று கட்டிய நரம்பணுவின் கணினி மாதிரியை, இங்கே என் கணினியில் மறுபடி ஓட்டிக் காட்டுவது என் முதுகலை ஆய்வின் பங்கு. நான்கு மாதம் முயன்றும் அவர்களுடைய நரம்பணுவின் மின்துடிப்புகள் கூர்மையாக எழ, என்னுடையவை அகன்று, தயங்கித் தயங்கி எழுந்தன. எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கும், கவனமாகப் பாருங்கள் என்பதே ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்குக் கிடைத்த பதில்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், இரவு 11 மணி இருக்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லா அளவுகளையும் ஒன்றுவிடாமல் திரையில் இறக்கிப் பார்த்தபோது, வெப்பநிலை என்ற வரியில் 6.3 என்று இருந்தது. நரம்பணு மாதிரிகளை ஓட்டும் நியூரான் என்ற மென்பொருளில் நாமாக மாற்றாவிட்டால் அந்த எண்தான் நிற்கும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் ஊசிக்கணவாயின் பெருநரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகள் அந்த வெப்பநிலைக்கு உரியவை. மென்பொருள் அந்த வழக்கத்தைத் தொடர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் மூன்று மடங்காகும் என்ற கணக்கில், துடிப்பை எழுப்பும் என் அயனி வாயில்கள் ஏறக்குறைய 20 மடங்கு மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மின்னஞ்சல் அனுப்பினேன். அது எங்கள் தொடக்கக் கோப்பில் இருக்கிறது, அனுப்ப விட்டுப்போயிற்று என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான்கு மாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேலூர்

சகோதரி மன்னிக்க வேண்டும். அந்தக் குழுவின் மேல் மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முழு மாதிரியை ஓட்டும் முன்பு, கிளைகள் ஏதுமில்லாத ஒற்றை அணுவை எடுத்து, ஒரே ஒரு அயனி வாயிலை மட்டும் வைத்து, ஒரே அளவு மின்னோட்டத்தை இரு பக்கமும் செலுத்தி ஒப்பிட்டிருந்தால் முதல் வாரத்திலேயே வேகம் பொருந்தவில்லை என்பது தெரிந்திருக்கும். கோப்பு வந்த அன்றே, வெப்பநிலை எத்தனை, கால இடைவெளி எத்தனை, தொடக்க மின்னழுத்தம் எத்தனை என்று மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் யாரும் நம்மைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் கேட்க வேண்டும்.

தல்லாகுளம் நண்பருக்கும் ஒன்று சொல்கிறேன். மூளை ஆய்வுத் தரவுகளுக்கென்று 2016-இல் வெளியான பிட்ஸ் (BIDS) என்னும் கோப்பு ஒழுங்கு பின்னர் இஇஜிக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் உள்ளூர் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறிப்பது கட்டாயம். அந்த ஒரு கட்டத்தை நிரப்பி, அவர்களுடைய நிரலும் அதைப் படித்திருந்தால் இந்த உச்சி அவர்கள் திரையில் நின்றிருக்காது. மின்முனைகளுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை, மற்றவற்றை ஒப்பிட வைத்த ஒப்புமுனை எது, வடிகட்டி இருந்ததா என்பவற்றையும் பதிவோடு சேர்த்தே அனுப்புங்கள்.

என் அனுபவம் சிறியது. தலைக்கு எண்ணெய் வைத்து, மல்லிகைச் சரத்தோடு வந்த பெண்களின் பதிவுகளை, மின்முனைகளின் மின்தடை 5 கிலோ ஓமைத் தாண்டியதென்று வெளியூர்க் குழு மொத்தமாக நீக்கிவிட்டது. முதல் நாளே ஷாம்பூ போட்டு அலசி வரச் சொல்லும்படி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தல்லாகுளம்

மேலூர் ஐயா சொன்ன கட்டத்தை நிரப்பும் வேலை என் கைக்கு வரவில்லை. நான் பதிவை எடுத்துக் கொடுத்ததோடு சரி. மறுநாள் மாலை மருத்துவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் உடனே எழுதினார். அந்த மாறியை நீக்கினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் முகாமில் நான் வைத்திருந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த அம்மாவின் எண்ணுக்கு நேரே, "2.10 முதல் 2.40 வரை கரண்ட் இல்லை" என்று நீல மையில் என் கையால் எழுதியிருக்கிறேன். கூட்டம் நடந்த அன்று அது என் மடியில்தான் இருந்தது.