குறியாக்கம் செய்த டிராஃபிக்கில் தாக்குதலைக் கண்டுபிடிப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அலுவலக ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் (டிராஃபிக்கின் நகல் வரும் போர்ட்), தாக்குதலைக் கண்டறியும் மென்பொருளான சூரிகாட்டாவை ஈடி ஓப்பன் என்ற இலவச விதித் தொகுப்போடு ஓட்டுகிறேன். போர்ட் ஸ்கேன், கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய ஓட்டைகளைக் குறிவைக்கும் முயற்சி எல்லாம் ஒழுங்காகச் சிக்குகின்றன.

சிக்கல், இணைப்புகளைக் குறியாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்-இல்தான். பாக்கெட்டின் உள்ளே பார்க்க முடியாவிட்டால் பாதி விதிகளுக்கு வேலையே இல்லை. டிஎல்எஸ் 1.3-இல் சர்வரின் சான்றிதழ்கூட மறைந்தே வருகிறது. மிஞ்சுவது கிளையன்ட் ஹலோ (இணைப்பைத் தொடங்க கிளையன்ட் அனுப்பும் முதல் செய்தி), பாக்கெட் அளவு, நேர இடைவெளி. கிளையன்ட் ஹலோவை வைத்து மென்பொருளை அடையாளம் காட்டும் ஜேஏ3 கைரேகையை நம்பலாம் என்றால், குரோம் 2023 முதல் அந்தச் செய்தியிலுள்ள டிஎல்எஸ் எக்ஸ்டென்ஷன்களின் (கூடுதல் புலங்கள்) வரிசையைக் கலைத்து அனுப்புவதால் ஒரே பிரவுசருக்கு அந்தக் கைரேகை ஹாஷ் மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்து வந்த ஜேஏ4 கைரேகை அவற்றை வரிசைப்படுத்திய பிறகே கணக்கிடுகிறது. அதுவே மேல் என்று நினைக்கிறேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

அடுத்து, நெட்வொர்க் இணைப்புகளைப் பதிவு செய்யும் மென்பொருளான ஸீக்கின் கனெக்‌ஷன் லாக்கில் ஒரே முகவரிக்குச் சீரான இடைவெளியில் போகும் இணைப்புகளைத் தேடுகிறேன். தீம்பொருள் தன் கட்டுப்பாட்டு சர்வரை அழைப்பது பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் அப்டேட் சோதனையும் மானிட்டரிங் ஏஜென்ட்டும் அச்சு அசலாக அதே போலத்தான் இருக்கின்றன. லட்சக்கணக்கான இணைப்புகளில் 1 சதவீதம் தவறினாலே ஆயிரக்கணக்கில் பொய் அலெர்ட். அந்தக் குவியலில் உண்மையான ஒன்று கண்ணில் படாமல் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

இயல்பு நிலையைக் கற்க எத்தனை நாள் டிராஃபிக் எடுக்கிறீர்கள்? இடைவெளியை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாக்கும் தீம்பொருளை எப்படிப் பிடிக்கிறீர்கள்? இடைமறித்து டிகிரிப்ட் செய்யும் யோசனை மட்டும் வேண்டாம். ஊழியர்களின் அந்தரங்கத்தில் கைவைக்க எனக்கு மனமில்லை.