ஃபேன்சிஃபுல் என்று டீச்சர் எழுதினால் பாராட்டா, குத்தலா?

புளியரை எஸ் வளைவு:
மகள் எட்டாவது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா ஸ்கூலில் படிக்கிறாள். இங்கிலீஷ் பாடத்துக்கு ஒரு கதை எழுதினாள். ராத்திரி பிளாக்கில் கழுதுருட்டியில் மாட்டிக்கொண்ட வைக்கோல் லாரி, பக்கத்திலிருக்கும் பதிமூணு கண் பாலத்திடம் புலம்புகிறது, நூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிற பாலம் அதற்குப் புத்தி சொல்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஃபேன்சிஃபுல்' என்று மட்டும் இருக்கிறது, மார்க்கைக்கூடக் காணோம். நமக்கு ஃபேன்சி என்றால் வளையல், பொட்டு விற்கிற கடை, இல்லாவிட்டால் வண்டிக்கு ஃபேன்சி நம்பர். அந்தக் கணக்கில் 'அழகாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாமா?

இலஞ்சிக்காரன்:
கடையை விடுங்க அண்ணாச்சி. ஃபேன்டசி சுருங்கித்தான் ஃபேன்சி ஆனது, அலங்காரம் என்ற அர்த்தம் பின்னால் வந்தது. எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கதை, ஓவியம், நகை டிசைன் என்றால் மனம் போன போக்கில் ரசனையாகச் செய்தது என்று அர்த்தம், நல்ல வார்த்தைதான். திட்டம், வாதம், பட்ஜெட் பற்றி என்றால் 'நடக்கிற காரியமா இது' என்று நாசூக்காகச் சொல்வது. 1947-ல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங், ஃபேன்சிஃபுல் பாசிபிலிட்டிகளை எல்லாம் ஏற்றுக்கொண்டால் சட்டத்தால் சமூகத்தைக் காப்பாற்ற முடியாது என்றார், சந்தேகத்தின் பலன் பற்றிப் பேசும்போது நம் கோர்ட்டுகளிலும் இதை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே அது பாராட்டு இல்லை. பேசுகிற லாரிக்குப் பாராட்டுதான்.

தென்மலை மழை:
முழுப் பாராட்டு என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே அசந்திருந்தால் இமேஜினேட்டிவ் என்று எழுதியிருப்பார். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-லேயே ஃபேன்சியையும் இமேஜினேஷனையும் பிரித்துவிட்டார்: ஞாபகத்தில் இருப்பதை எடுத்து மாற்றி அடுக்குவது முதலாவது, உருக்கிப் புதிதாக ஒன்றைப் படைப்பது இரண்டாவது. அதிலிருந்து ஃபேன்சிக்கு ஒரு படி கீழேதான் இடம். இன்னொன்று, இமேஜினரி என்பதை இதோடு குழப்ப வேண்டாம். பூமத்திய ரேகை இமேஜினரி லைன். உங்கள் மகளை இமேஜினரி கேர்ள் என்றால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்றாகிவிடும்!

குண்டாறு:
வியாபாரத்தில் கதையே வேறு. அகராதியில் இல்லாமல் புதிதாக உண்டாக்கிய பெயரைத்தான் அமெரிக்க டிரேட்மார்க் சட்டத்தில் ஃபேன்சிஃபுல் என்பார்கள், 1888-ல் வந்த கோடாக் மாதிரி. அதற்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

புளியரை எஸ் வளைவு:
மகளிடம் கேட்டேன். நோட்டைக் கொடுக்கும்போது டீச்சர் மலையாளத்தில் 'கொள்ளாம்', அதாவது 'நன்றாக இருக்கிறது', என்றாராம்.

தென்மலை மழை:
இழுத்துச் சொன்னாரா, பட்டென்று சொன்னாரா? இழுத்திருந்தால் 'பரவாயில்லை' ரகம்தான் அண்ணாச்சி.