ஸ்கூல் விடும் நேரம்: உங்க பள்ளியில எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு மடிப்பாக்கத்துல ரெண்டாம் வகுப்பு படிக்கிறா. காலையில கவலை இல்லை, வாட்ச்மேன் அண்ணா ஒவ்வொரு பிள்ளையா பார்த்து உள்ளே விடுறார். சாயங்காலம்தான் வயித்தைக் கலக்குது. பெல் அடிச்சதும் கேட்டைத் திறந்துடறாங்க. ஆட்டோ, வேன், பைக் எல்லாம் வாசலை அடைச்சு நிக்குது. பசங்க தோள்ல பையும் கையில தண்ணி பாட்டிலுமா அதுக்கு நடுவுல புகுந்து ஓடி வர்றாங்க. "நான் இவளோட தாத்தா"ன்னு யார் வந்து கையைப் பிடிச்சாலும் அடையாள அட்டையைக் கேட்க ஆள் இல்லை.

2012-ல சேலையூர் ஸ்கூல் ஒண்ணோட பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ஒரு சின்னப் பொண்ணு விழுந்து இறந்த பிறகுதான் பஸ்ஸுக்குத் தனி விதிகள் வந்துச்சு. வாசலுக்கும் அப்படி ஒண்ணு நடக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க.

வகுப்பு வாரியா கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பறது, அட்டை பார்த்து ஒப்படைக்கறது எல்லாம் உங்க பள்ளியில இருந்தா, எப்படி நடத்துறாங்கன்னு சொல்லுங்க. முக்கியமா மழை நாள்ல என்ன பண்றாங்க? பள்ளிக்கு மனு எழுதிக் கொடுத்தவங்க யாராவது இருந்தா அதோட நகலைத் தயவுசெஞ்சு இங்கே போடுங்க. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம், கையோட கொண்டு போகணும்.